மெல் பிளாங்க் (1908–1989)

அமெரிக்கக் குரல் நடிகர். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் பக்ஸ் பன்னி, டாஃபி டக், சில்வெஸ்டர் ஆகிய பாத்திரங்களுக்கும், 1960இல் தொடங்கிய ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் பார்னி ரபிளுக்கும் குரல் தந்தார். ‘ஆயிரம் குரல் மனிதர்’ எனப் பெயர் பெற்றவர். எனினும் அவரது திறனைக் குரல்களின் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது. டாஃபியும் சில்வெஸ்டரும் பேசுவது ஏறத்தாழ ஒரே குரலில்தான். டாஃபியின் ஒலிப்பதிவு மட்டும் வேகம் கூட்டப்பட்டது. அப்படியானால் பெருமை ஒலிப்பதிவுக் கருவிக்கே உரியது என்று வாதிடலாம். ஆனால் வேகம் சுருதியைத்தான் உயர்த்தும்; டாஃபியின் பேராசையையும் சில்வெஸ்டரின் ஏமாற்றத்தையும் நடிகரே உண்டாக்க வேண்டும். அத்தகைய உதவி இல்லாத ஜாக் பென்னி வானொலி நிகழ்ச்சியிலும் அவர் வயலின் ஆசிரியராகவும், இருமித் திணறும் பழைய காராகவும் மாறினார். பாத்திரத்தின் மனநிலையைப் பேச்சின் தாளத்தில் பிடித்ததே அவரது பன்முகத்தன்மைக்கு அடிப்படை.