அப்பா விட்டுப்போன வரைபலகை

அடுத்தவர் பாதியில விட்ட வேலையைத் தலையில கட்டினா என்ன பாடுன்னு நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்குத் தெரியும். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஒரு கட்டடக்கலை அலுவலகம் இதையே பரம்பரைத் தொழிலாக வைத்திருந்தது.

1910இல் மிக்கீல் பிரிங்க்மன் ஆரம்பித்தது. ஸ்பாங்கன் பகுதியில் அவர் 1922இல் கட்டி முடித்த தொழிலாளர் குடியிருப்பு செங்கல் கட்டடம். இரண்டாம் மாடியில் சுற்றிலும் ஒரு 'தெரு' ஓடும். பால்காரர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, வாசல் வாசலாத் தள்ளிட்டுப் போகலாம்!

1925இல் பெரியவர் போய்ச் சேர்ந்தார். மகன் யோஹான்னசுக்கு அப்போ வயசு 22. (அந்த வயசுல நான் அரியர் எழுதிட்டிருந்தேன், அதை விடுங்க.) காபி, தேயிலை, புகையிலை விற்கும் வான் நெல்லே கம்பெனியின் தொழிற்சாலை வேலை வேறு காத்திருந்தது. பையன் லீண்டர்ட் வான் டெர் ஃப்ளுக்டைக் கூட்டு சேர்த்தார். அப்பாவின் செங்கல் போச்சு. காளான் வடிவக் கான்கிரீட் தூண்கள், சுவரெல்லாம் கண்ணாடி, கட்டடங்களுக்கு நடுவே சாய்வாகப் போகும் சரக்குப் பாலங்கள். 1931இல் முடிந்தது, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஃப்ளுக்ட் 1936இல் இறந்தார். அவர் வரைந்த ஃபெயனூர்ட் கால்பந்து மைதானம் திறந்தது 1937இல். பாவம், பார்க்கக் கொடுத்து வைக்கல.

அடுத்து வான் டென் புரூக் வந்தார். 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதியே காலி. 1948இல் பாக்கமா சேர்ந்தார், மறுவருஷம் யோஹான்னசும் இறந்தார். அந்தச் சிதைந்த இடத்தில் புதுசா வந்த இருவரும் 1953இல் கொடுத்ததுதான் லைன்பான். சரக்கு வண்டியெல்லாம் பின்பக்கம். முன்னால் மனுஷங்க நடக்க மட்டுமே கடைத்தெரு. படத்தைப் பார்த்தப்போ எனக்குப் பெரியவரோட பால்வண்டித் தெருதான் ஞாபகம் வந்துச்சு.