மூர்க்க நாயனார் முதல் காரு மாமா வரை

திருவேற்காட்டுல இருக்கேன்னு சொன்னா, "கருமாரியம்மன் கோயில் பக்கமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஆமாம் மக்களே, பக்கம்தான். ஆனா எங்க ஊருக்கு இன்னொரு பெரிய ஆளும் உண்டு. ஊர்க்காரங்களே அதிகம் பேசாத ஆள். மூர்க்க நாயனார். அறுபத்து மூவரில் ஒருத்தர். பிழைப்பு, சூதாட்டம்!

சிவனடியார்களுக்குச் சோறு போட்டுப் போட்டே சொத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. அப்புறம் சின்ன வயசுல கத்துக்கிட்ட சூதாட்டத்தைக் கையில் எடுத்தார். முதல் ஆட்டத்தில் தோற்பார், எதிராளிக்கு ஆசை வந்ததும் அடுத்தடுத்து ஜெயிப்பார். தோத்தவன் பணம் தர மறுத்தா கத்தியை உருவிக் குத்திடுவார். ஜெயிச்ச காசைத் தன் கையால் தொட மாட்டார், சமையல்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் அமுது சமைப்பாங்க. எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். உள்ளூரில் இவரோடு ஆட ஆளே இல்லாமல் போய், கும்பகோணம் வரைக்கும் போய் ஆடியிருக்கார். எழுதினது பக்கத்து ஊர் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டு. இந்த ஆளை இன்னிக்கு ஒரு நாவலில் போட்டா 'என்னா கேரக்டர்யா'ன்னு தலையில் தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க.

எதுக்கு இந்தப் பழங்கதைன்னு கேட்பீங்க. சமீபத்துல நண்பர் ஒருத்தர் சொன்னார்: "இப்ப வர்ற தமிழ் நாவல்ல மனுஷங்களே இல்ல சார். எல்லாம் ஆவணம். தி.ஜா.வோட போச்சு கேரக்டர் எல்லாம்." எனக்கு அன்னிக்குப் பதில் சொல்ல வாய் வரலை. வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைஞ்சப்பதான் பதில் கிடைச்சது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். தமிழின் முதல் நாவல்னு சொல்லப்படுற மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது 1879ல். அதில் ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு நாட்டையே ஆள்கிறாள். புத்திசாலி, குணவதி, தப்பே செய்யாதவள். பாராட்டலாம், ஆனால் நம்மோடு ஒரு காபி குடிப்பாள்னு தோணாது. அடுத்து வந்த ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893லிருந்து 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் தொடராக வந்தது. அதில் வர்ற ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளைதான் என் கணக்கில் தமிழ் நாவலின் முதல் உயிருள்ள ஆசாமி. தமிழ்ப் பண்டிதர். கதைக்கு அவர் பெரிசா தேவையே இல்லை. ஆனாலும் ஆளை மறக்க முடியாது.

அதுக்கப்புறம் நண்பர் சொன்ன பொற்காலம். 'அம்மா வந்தாள்' (1966) அலங்காரத்தம்மாள், ஜெயகாந்தனின் கங்கா, ஹென்றி. இவங்களை யார் மறுக்கப் போறா? நானும் யமுனாவைக் காதலிச்சவன்தான் :-) ஆனா இந்த நாவல்களைத் திரும்பப் படிக்கும்போது இப்ப ஒரு விஷயம் கண்ணை உறுத்துது. வீட்டுக்குள்ளே இருக்கிறவங்களுக்கு எல்லாம் பெயர், மனசு, குழப்பம் எல்லாம் உண்டு. கொல்லைப்புறமா வந்து போறவங்க? துணி எடுக்க வர்றவர், முடி வெட்ட வர்றவர், செருப்பு தைக்கிறவர்? அநேகமா ஒரு வரியில் வந்து அடுத்த வரியில் காணாமல் போயிடுவாங்க.

இதை உடைச்சதில் பூமணிக்குப் பெரிய பங்கு. 'பிறகு' 1979ல் வந்தது. செருப்பு தைக்கிற அழகிரிதான் நாயகன். அதுக்குப் பதினைஞ்சு வருஷம் கழிச்சு, 1994ல், இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி. அதுவும் காலனிக்குத் துணி வெளுக்கிறவள், ஒடுக்கப்பட்டவங்களுக்கும் கீழே வைக்கப்பட்டவள். கூடையைத் தூக்கிக்கிட்டு ராத்திரிச் சோறு வாங்க வீடு வீடாப் போவாள். களத்துல நெல்லு கேட்டு நிப்பாள். பிரசவம், சாவு எல்லாத்துக்கும் அவள் வேணும். கூலி மட்டும் வருஷா வருஷம் குறையும். வந்த காலத்தில் இந்த நாவலுக்குப் பாராட்டும் கிடைச்சது, கடுமையான எதிர்ப்பும் கிடைச்சது. தலித்துகளுக்குள்ளே இருக்கிற மேல்கீழைக் காட்டுறதுதான் முக்கியமான புகார். புகாரில் நியாயம் இருக்கா இல்லையாங்கறது தனிச் சண்டை. எனக்குப் பிடிச்சது, ஆரோக்கியம் ஒண்ணும் தேவதை இல்லை என்பது. புலம்புவாள், சாபம் விடுவாள், அடுத்த நிமிஷமே "சாமி" என்று கும்பிடுவாள். தன்னை மிதிக்கிற ஊர் மேல அவளுக்கு ஒரு பாசமும் இருக்கு. அந்தப் பாசம்தான் படிக்கிறவன் வயித்தைக் கலக்குது.

சேக்கிழார்கிட்டயும் ஒரு வண்ணார் உண்டு, காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர். மழை விடாததால் அடியாரின் துணியைச் சொன்ன நேரத்துக்குள் உலர்த்தித் தர முடியலை. துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கப் போறார். சிவன் கை வந்து பிடிச்சுக்குது. ஆரோக்கியத்துக்கு அப்படி எந்தக் கையும் வரலை. இன்னொண்ணு கவனிங்க. திருக்குறிப்புத் தொண்டர், மூர்க்கர் ரெண்டுமே பட்டப்பெயர்கள். அம்மா அப்பா வச்ச பெயர் இல்லை.

சமீபத்திய நாவல்களுக்கு வருவோம். இமையத்தின் 'செல்லாத பணம்' 2018ல் வந்து, 2020க்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. இஞ்சினியரிங் படிச்ச ரேவதி ஆட்டோ ஓட்டுற ரவியைக் கட்டிக்கிறா. கடைசியில் தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில் கிடக்கிறா. நாவலில் பெரும்பகுதி அந்த வார்டு வாசல்தான். அப்பா நடேசன் பணத்தோட நிக்கிறார், பணம் ஒண்ணுக்கும் ஆகலை. ரவியை வெறுத்துக்கிட்டே படிச்சேன். அவன் தன் பக்கத்தைப் பேச ஆரம்பிச்சதும் வெறுப்பு தடுமாறிச்சு. அதுக்காக எனக்கே என்மேல கோபம் வந்தது. ஒரு பாத்திரம் இதைவிட என்ன செய்யணும்?

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2020) சின்னப் புத்தகம். தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து எடுத்தது. 2023க்கான அகாதெமி விருது இதுக்குத்தான். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் வாழ்க்கை. காரு மாமா செத்துப் போறார், சொந்தம் எல்லாம் கூடுது, அழுது, சண்டை போடுது, பழசைப் பேசுது. அவ்வளவுதான் கதை. செத்துப் போன ஒரு ஆளை மத்தவங்க பேச்சிலேயே முழுசா எழுப்பி நிறுத்திட்டார் மனுஷன். எங்க தாய்மாமா சாவுக்கு நான் போன நாள் அப்படியே திரும்பி வந்துச்சு.

குறையும் சொல்லணும். தமிழ்மகனின் 'வெட்டுப்புலி' (2009) எங்க திருவள்ளூர் மாவட்டத்துக் கதை, தீப்பெட்டிப் படத்துல சிறுத்தையோட மல்லுக்கட்டுற ஆளைத் தேடிப் போற அருமையான தொடக்கம். பூண்டி ஏரி, திராவிட இயக்கம், சினிமா எல்லாம் வரும். ஆசையா வாங்கினேன். ஆனா வருஷங்கள் ஓடுற வேகத்துல பல மனுஷங்க முகம் தெரியறதுக்குள்ளே போயிடறாங்க. நண்பர் சொன்ன 'ஆவணம்' குற்றச்சாட்டு இங்கே கொஞ்சம் ஒட்டும்.

பாத்திரம் ரொம்ப உயிரோட இருந்தா அதுலயும் ஆபத்து. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வந்தது. காளியும் பொன்னாவும் கற்பனை மனிதர்கள். ஆனா 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் போராட்டம், 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துட்டான்னு அவரே அறிவிச்சார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அவர் எழுதின நாவல் 'பூனாச்சி'. நாயகி ஒரு வெள்ளாட்டுக் குட்டி! மனுஷங்களைப் பத்தி எழுதப் பயமா இருக்குன்னு முன்னுரையிலேயே சொல்லிட்டார். அந்தக் குட்டிக்கும் ஒரு பெயர் வச்சிருக்கார் பாருங்க.

இதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்கும்போது ஒரு ஞாபகம். சின்ன வயசுல எங்க வீட்டுத் துணியை எடுத்துட்டுப் போக ஒரு அம்மா வருவாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள். அழுக்கு மூட்டை கூவத்துக்குப் போகும், மறுநாள் கஞ்சி வாசனையோட திரும்பி வரும். கூவம் எங்க ஊர்ப் பக்கம் அப்ப இந்த அளவு கெடலை. தீபாவளி பொங்கலுக்குப் பலகாரம் வாங்க மட்டும் பின்வாசல்ல நிப்பாங்க. பத்து வருஷமாவது வந்திருப்பாங்க.

நேத்து அம்மாகிட்ட கேட்டேன். "ஏம்மா, நமக்குத் துணி எடுக்க வருவாங்களே, அவங்க பேரு என்ன?"

அம்மா முறத்தைக் கீழே வச்சுட்டு யோசிச்சாங்க. "அவ பெரிய பையன் பேரைச் சொல்லித்தாண்டா கூப்பிடுவோம், அவன் அம்மான்னு."

"அது சரி. அவங்க பேரு?"

"எதுக்குடா இப்ப?" என்றவர், கொஞ்ச நேரம் கழிச்சு, "கேட்டதில்லையே" என்றார்.

நானும்தான் கேட்டதில்லை. அந்தக் குடும்பம் ஆவடிப் பக்கம் போயிட்டதா தகவல். வர்ற ஞாயித்துக்கிழமை விசாரிச்சுப் பார்க்கணும்.