சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்



எங்கள் பிள்ளைப் பருவத்தில் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வேலையை விட்டு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. மாலை வேளைகளில் சைக்கிளில் கடைக்குப் போவார். தோட்டத்து ஆபீசு கண்ணில் பட்டதும் இறங்கிவிடுவார். அதைத் தாண்டும் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே நடப்பார்; பிறகுதான் ஏறி மிதிப்பார். அந்நேரம் ஆபீசு பூட்டிக் கிடக்கும். அவரைப் பார்ப்பதற்கு அங்கே ஆளே இருக்காது. "ஏன் தாத்தா இறங்குறீங்க?" என்று பிள்ளைகளாகிய நாங்கள் கேட்போம். "பழக்கமாயிப் போச்சு, தம்பி" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அந்தப் பழக்கத்திற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு என்பதை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த பிறகே நாங்கள் அறிந்தோம். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அது 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் வரலாறு.

கிள்ளான் பட்டணத்தை உங்களில் பலர் அறிவீர்கள். சிலாங்கூர் சுல்தானின் அரச நகர் அது, ஆற்றங்கரையில் அமைந்தது. அதன் அருகே 1901ஆம் ஆண்டில் துறைமுகம் திறக்கப்பட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று அழைக்கப்பட்ட அத்துறைமுகம், 1972 முதல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் பெற்றது. பட்டணத்தைச் சுற்றிலும், தெற்கே கோல லங்காட் வரையிலும், அக்காலத்தில் கித்தாத் தோட்டங்களே நிறைந்திருந்தன. அங்கே எடுத்த ரப்பர் இத்துறைமுகத்தின் வழியே கப்பலேறியது. தோட்டத்து மக்களுக்குப் பட்டணம் என்றால் கிள்ளான்தான். சம்பளம் போட்டதும் சாமான் வாங்கவும், கோயிலுக்குப் போகவும், உறவினரைக் காணவும் அவர்கள் கிள்ளானுக்கே வந்தார்கள். அவர்களுடைய சங்கம் அங்கே உருவானதில் வியப்பில்லை.

முதலில் அக்காலத்து நிலைமையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் வாணிபம் சரிந்தது. ரப்பர் விலை விழுந்தது. விலை விழுந்த பாரம் தொழிலாளியின் தலையில் ஏறியது. ஐம்பது காசாக இருந்த ஆண்களின் நாட்கூலி ஏறத்தாழப் பாதியளவுக்குக் குறைக்கப்பட்டது. வேலை இல்லை என்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். விலை ஏறிய பிறகும் கூலி மெல்லவே ஏறியது. 1941ஆம் ஆண்டு பிறந்தபோது ஆண்களின் கூலி மறுபடியும் அந்த ஐம்பது காசு அளவில்தான் நின்றது. பெண்களுக்கு அதிலும் குறைவு. சீனத் தொழிலாளருக்கோ இதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. 1937ஆம் ஆண்டில் காஜாங் வட்டாரத்திலும் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்திலும் சீனத் தொழிலாளர் வேலையை நிறுத்திப் போராடியதை நம்மவர்கள் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார்கள்.

இதற்கிடையில் தோட்ட மக்களின் மனத்திலும் மாறுதல் ஏற்பட்டு வந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து சுயமரியாதைக் கருத்துகளைப் பேசிச் சென்றார். 1937ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு வந்தார். 1936ஆம் ஆண்டில் மலாயா மத்திய இந்தியச் சங்கம் தோன்றியது. தமிழ்ப் பத்திரிகைகள் தோட்டங்களுக்குள் வந்து சேர்ந்தன; படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒருவர் போனால் ஒன்பது பேரைக் கொண்டுவரலாம் என்ற துணிச்சல் முதலாளிகளுக்கு அதன் பிறகு இல்லை. இங்கே இருக்கும் தொழிலாளியின் கைக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது.

ஐரோப்பாவில் 1939ஆம் ஆண்டில் போர் மூண்டது. போருக்கு ரப்பர் வேண்டும். ஆகவே ரப்பருக்குத் தேவை பெருகியது. அரிசி, துணி முதலியவற்றின் விலையும் ஏறியது. கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. இந்த நேரத்தில்தான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளரைத் திரட்டத் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் ஆர். எச். நாதன். இவர் பத்திரிகையாளர், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். தோட்டத் தொழிலாளர் பேச அறியாதவர்கள் என்று எண்ணியிருந்த காலத்தில், அவர்கள் பேசியதைக் கேட்டு எழுத்தில் வைத்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

நேயர்களே, அவர்கள் கேட்டவை என்ன? இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்துங்கள் என்றார்கள். நல்ல மருத்துவ வசதி கேட்டார்கள். இவையெல்லாம் எந்தத் தொழிலாளியும் கேட்கக்கூடியவை.

மற்றவற்றைப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே கூறியது. ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. ஆசிரியர் என்பவர் ஓய்ந்த நேரத்தில் பாடம் சொல்லும் கங்காணி அல்லது கிராணி. கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றார்கள். கள்ளுக்கடை மூடினால் வீட்டில் அடுப்பு எரியும் என்பது ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருந்தது. எங்கள் பெண்களின் மானத்துக்குத் தீங்கு செய்யும் துரைமாரையும் மேற்பார்வையாளரையும் தடுத்து நிறுத்துங்கள் என்றார்கள். கொடுமைக்கார ஊழியரை நீக்கி, தமிழ் படித்தவர்களை அமர்த்துங்கள் என்றார்கள். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது, கூட்டம் கூடவும் பேசவும் உரிமை வேண்டும், குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, எங்களுக்கென்று சங்கம் அமைக்க அனுமதி வேண்டும் என்றார்கள்.

இவற்றோடு இன்னுமொன்று. துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அவர்கள் முன்னிலையிலும் நாங்கள் சைக்கிளில் அமர்ந்தே செல்ல அனுமதி வேண்டும்!

படிக்கும் மாணவர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கூலி, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றோடு சைக்கிளையும் ஒரு கோரிக்கையாக எழுதுவார்களா என்று கேட்கிறார்கள். எழுதினார்கள். சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு தொழிலாளி வயிற்றைக் கட்டி, காசுக்குக் காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்குகிறான். அவனுக்கென்று சொந்தமாக இருக்கும் விலையுயர்ந்த பொருள் அதுவாகத்தான் இருக்கும். மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறான். வழியில் துரை வருகிறார். மனைவியின் முன்னே, பிள்ளையின் முன்னே, அவன் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இறங்காவிட்டால் ஏச்சு, சில வேளைகளில் வேலையும் போகும். கூலியில் ஐந்து காசு குறைந்தால் அது சட்டைப் பையில் தெரியும். இந்தக் குறைவோ நெஞ்சில் தெரியும்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் வரவில்லை. பால் மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. ஏப்ரல் மாதத்தில் முதலாளிகள் கூலியைச் சற்று உயர்த்த இணங்கினர். தொழிலாளர்களும் வேலைக்குத் திரும்பினர். காசுக்காக மட்டும் நடந்த போராட்டமாக இருந்திருந்தால் அது அத்துடன் முடிந்திருக்கும்.

ஆனால் முடியவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். தலைவரைப் பிடித்துவிட்டால் தொழிலாளர் அடங்கிவிடுவர் என்று அதிகாரிகள் எண்ணினார்கள் போலும். நடந்ததோ வேறு. அவரை விடுதலை செய்யுமாறு கேட்டுத் தோட்ட மக்கள் கிள்ளானில் வந்து கூடினார்கள். வேலைநிறுத்தம் மீண்டும் மூண்டது. இம்முறை கிள்ளானோடு நிற்கவில்லை. சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கூலி கூடிய பிறகும் அவர்கள் ஏன் மறுபடியும் வேலையை விட்டார்கள்? தங்களுக்காகப் பேசிய ஒருவரைத் தங்கள் கண்ணெதிரே கொண்டுபோனதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. பேசும் உரிமையும் சங்கமும் இல்லாவிட்டால், இன்று கொடுத்த காசை நாளை பிடுங்கிக்கொள்ளலாம் என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அப்போது நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராகவும் மலாய் மாநிலங்களின் ஹை கமிஷனராகவும் இருந்தவர் சர் ஷென்டன் தாமஸ். போர்க்காலத்தில் ரப்பர் உற்பத்தி தடைபடுவதை அரசாங்கம் பொறுக்கவில்லை. வெளியார் தூண்டிவிட்ட கலகம் என்றே அது கருதியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வரவழைக்கப்பட்டது. அனுப்பப்பட்ட படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், பலர் காயமுற்றார்கள். பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்; தொழிலாளர் பலரும் அவ்வாறே அனுப்பப்பட்டனர். மே மாத இறுதிக்குள் வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது.

அப்படியானால் அவர்கள் தோற்றுவிட்டார்களா? இதை நாங்கள் வகுப்பில் பலமுறை கேட்டதுண்டு. அன்றைய கணக்கில் தோல்விதான். அதை மறைக்க வேண்டியதில்லை. மரத்துக்குத் திரும்பியவர்கள் தலை குனிந்தே திரும்பியிருப்பார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். கிள்ளானில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் போன்ற ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பின்னர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டார்கள். பெரிய துயரம் ஒன்று வந்து சிறிய துயரத்தை மூடிவிட்டது. கிள்ளான் கதை பலருக்கும் மறந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் அந்தப் பன்னிரண்டு கோரிக்கைகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு, பிற்காலத்தைத் திரும்பிப் பாருங்கள். போருக்குப் பின் தோட்டங்கள் எங்கும் தொழிற்சங்கங்கள் முளைத்தன. 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, அதைப் பி. பி. நாராயணன் வழிநடத்தினார். சங்கம் வேண்டும் என்று கேட்டதற்குச் சிறைக்கு அனுப்பிய நாட்டில், முதலாளியும் தொழிலாளியும் மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து கூலி பேசினார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தோட்டப் பள்ளிகளுக்கு வந்தார்கள். கூலிக்கோ நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 2013ஆம் ஆண்டில்தான் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது; தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது. கேட்டவர்களுள் பெரும்பாலோர் அதைக் காண உயிரோடு இல்லை.

இன்று கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சியவற்றிலும் கித்தா மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. இடம் மாறிவிட்டால் நினைவும் மாறிவிடும். அதனால்தான் இதைச் சொல்லத் துணிந்தோம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர் யாரேனும் இருந்தால், இன்றிரவு பிள்ளைகளை அவரருகே அமர்த்துங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், நாட்கூலி என்ன, பள்ளிக்கூடம் எப்படி இருந்தது, துரை வந்தால் என்ன செய்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் குற்றமில்லை. அதை ஆசிரியர்களாகிய நாங்கள் திருத்திக்கொள்வோம். சொல்லாமல் போனதை மட்டும் எவராலும் திருத்த முடியாது.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெரியவரை நாங்கள் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு. சட்டம் மாறிய பிறகும், துரைமார் கப்பலேறிப் போன பிறகும், பூட்டிய ஆபீசின் முன்னே அவர் இறங்கித்தான் நடந்தார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்தப் பயத்தை அவருக்குள் ஊட்டி வளர்த்தவர்கள் வேறு. ஆனால் அதே பயம் நிறைந்திருந்த காலத்தில், 1941ஆம் ஆண்டில், சிலர் அதைக் கோரிக்கையாக எழுதிக் கையில் எடுத்துச் சென்றார்கள். நம் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூட வாசல் வரைக்கும் சைக்கிளில் அமர்ந்தே வருகிறார்கள். வகுப்பாசிரியர் எதிரே வந்தாலும் கையை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.