வளிமண்டலம்: சங்கராபுரம், கல்வராயன் மலைப் பகுதி

பூமியைச் சூழ்ந்துள்ள காற்றுப் போர்வை. உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21, ஆர்கான் 0.93. கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 விழுக்காடே, ஆனால் புவி வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அதன் பங்கு பெரிது. நீராவியின் அளவு இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும்.

வளிமண்டல அடுக்குகளில் தரையை ஒட்டிய அடிவளிமண்டலமே நம் அன்றாட வாழ்வை ஆள்வது. மழை, இடி, மூடுபனி எல்லாம் இங்குதான். இங்கு ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சங்கராபுரத்தில் வெயில் காயும்போது கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை குளிர்ந்திருப்பது இதனால்தான். கோடை மாலையில் இம்மலைமேல் திரளும் இடிமேகம் நன்கு வளர்ந்தால், அதன் உச்சி கொல்லன் அடைகல்லைப் போலத் தட்டையாக விரியும். வெப்பமண்டலப் பகுதிகளில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இவ்வடுக்கு முடிகிறது; அங்கே வெப்பநிலை மைனஸ் 80 டிகிரியை ஒட்டியிருக்கும். அதற்கு மேல் காற்றின் வெப்பம் கூடுவதால் மேகம் மேலெழ முடிவதில்லை.

அடுத்து, 50 கிலோமீட்டர் வரை அடுக்கு வளிமண்டலம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோனின் பெரும்பகுதி இதில் உள்ளது. 85 கிலோமீட்டர் வரை இடை வளிமண்டலம். அதன்மேல் வெப்ப வளிமண்டலம், புறவளிமண்டலம்.

திருப்பதி அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், முதல் மூன்று அடுக்குகளையும் 1990-களிலிருந்து ஆராய்ந்துவருகிறது.