குழாயின் மரையும் ஊரின் பெயரும்: தீயணைப்பு வண்டி சொல்லும் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஏப்ரல் 14 என்றால் நமக்குச் சித்திரை முதல் நாள், அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். அதே நாள்தான் தீத்தொண்டு நாள். அன்று முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். தீயணைப்பு வீரர்கள் பள்ளிக்கு வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள், பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஆனால் ஏன் ஏப்ரல் 14 என்று கேட்டால் பெரியவர்களுக்கே பதில் தெரிவதில்லை. அங்கிருந்து தொடங்குகிறேன்.

1944 ஏப்ரல் 14. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் நின்றது. அதில் பஞ்சுப் பொதிகளும் இருந்தன, சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. தங்கக் கட்டிகள்கூட இருந்தன. பஞ்சில் தீப்பிடித்தது. பம்பாய் தீயணைப்புப் படையினர் கப்பல் மேலேயே ஏறி நின்று தண்ணீர் பாய்ச்சினார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் இன்னொரு வெடிப்பு. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த 66 பேரும் மத்திய அரசின் ஊழியர்கள் அல்லர், மாகாண அரசின் ஊழியர்களும் அல்லர். பம்பாய் நகராட்சியின் ஊழியர்கள். இன்றும் மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் அப்படி இல்லை. சென்னை எழும்பூரில் தலைமையகம், மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை. சென்னைக்கும் அதே துறை, போளூருக்கும் அதே துறை.

எது சரி? ஊருக்கு ஊர் தனித்தனியாக வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பதா? உலகம் நூறு வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று பாடங்களைச் சொல்கிறேன்.

முதல் பாடம்: பொருந்தாத மரை

1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தின் கடைவீதிப் பகுதியில் தீப்பிடித்தது. உள்ளூர் வண்டிகளால் முடியவில்லை. வாஷிங்டனிலிருந்து நீராவி இன்ஜின்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிலடெல்பியா, நியூயார்க் என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வண்டி வந்தது, ஆள் வந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாய்களைப் பால்டிமோர் தெருக் குழாயில் மாட்டினால் மாட்டவில்லை. மரை அளவு வேறு! அந்தக் காலத்தில் அமெரிக்காவில் 600-க்கும் மேற்பட்ட வகைக் கப்ளிங்குகள் இருந்தன என்று பின்னால் கணக்கெடுத்தார்கள். ஊருக்கு ஊர் தனக்குத் தோன்றிய அளவில் செய்து வைத்திருந்தது.

முப்பது மணி நேரம் எரிந்தது. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதன் பிறகுதான் நாடு முழுக்க ஒரே அளவு வேண்டும் என்று தரம் வகுத்தார்கள். அப்படியும் 1991-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைத் தீயில் அதே தொல்லை வந்தது. எல்லா ஊரிலும் இரண்டரை அங்குலம் என்றால் ஓக்லாந்தில் மட்டும் மூன்று அங்குலம். 87 வருடம் கழித்தும் பாடம் முழுதாக ஏறவில்லை.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 63 மில்லிமீட்டர் கப்ளிங் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. திருக வேண்டியதில்லை, அழுத்தினால் சிக்கென்று பூட்டிக்கொள்ளும். வேலூர் வண்டியின் குழாயைத் திருவண்ணாமலை வண்டியில் மாட்டலாம். கார்த்திகை தீபத்துக்கு அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்து வண்டிகளும் வீரர்களும் வந்து ஒரே அணியாக நிற்க முடிகிறது என்றால், கருவியும் பயிற்சியும் கட்டளையும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை தீபமலையில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்தபோதும், நம் தீயணைப்பு வீரர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் சேர்ந்து தோண்டினார்கள். ஒன்றாக இருப்பதன் பலன் இது. இதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டாம் பாடம்: இங்கிலாந்தின் இரண்டு முயற்சிகள்

1941-ல் ஜெர்மனி குண்டு வீசிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தில் சுமார் 1,600 உள்ளூர்த் தீயணைப்புப் படைகள் இருந்தன. ஒரு நகரம் எரியும்போது பக்கத்து ஊர்க்காரர் உதவிக்கு வந்தால் குழாய் பொருந்தாது, யார் சொல்வதை யார் கேட்பது என்ற குழப்பம் வேறு. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தேசியப் படையாக ஆக்கினார்கள். போர்க்காலம் முழுக்க அது வேலை செய்தது. போர் முடிந்ததும், சொன்ன சொல்லைக் காப்பாற்றி, 1948 ஏப்ரல் 1 அன்று உள்ளாட்சிகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பழையபடி சிற்றூர் சிற்றூராகச் சிதறவிடவில்லை. நம் மாவட்டம் போன்ற கவுண்டி சபைகளிடமும் பெரிய நகரங்களிடமும் கொடுத்தார்கள். கருவி, பயிற்சி, பதவி நிலை எல்லாம் நாடு முழுவதும் ஒன்று, நிர்வாகம் மட்டும் உள்ளூர். நடுவழி.

அறுபது வருடம் கழித்து அதே இங்கிலாந்து இன்னொரு இணைப்பில் இறங்கியது. இந்த முறை வண்டிகளை இணைக்கவில்லை, தொலைபேசி எடுக்கும் கட்டுப்பாட்டு அறைகளை. 46 அறைகளை மூடிவிட்டு 9 வட்டார மையங்கள் போதும் என்று 2004-ல் திட்டம் போட்டார்கள். செலவு மிச்சமாகும் என்றார்கள். கணினி வேலை முடியவில்லை, உள்ளூர்ப் படைகளின் ஒப்புதலும் கிடைக்கவில்லை. 2010 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். குறைந்தது 46.9 கோடி பவுண்டு வீண் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது.

ஸ்காட்லாந்தில் 2013-ல் எட்டுப் படைகளை ஒன்றாக்கினார்கள், கட்டுப்பாட்டு அறைகள் எட்டு மூன்றாயின. வடபகுதி மக்கள் கேட்ட கேள்வி எளிமையானது: "எங்கள் ஊர்ப் பெயர் தெரியாதவர் போனை எடுத்தால் வண்டி எங்கே போகும்?"

இந்தக் கேள்வி நம் சந்தவாசலுக்கும் பொருந்தும். 101 என்ற தீயணைப்பு எண்ணோடு, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 112 என்ற ஒரே எண் வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, குழந்தைக்கும் நினைவில் நிற்கும். ஆனால் நம் பக்கத்தில் முகவரி என்பது என்ன? "ஏரிக்கரை கொட்டாய்", "புளியந்தோப்பு ஓரம்", "மேட்டுக்கொல்லை". இவை எந்தக் கணினி வரைபடத்திலும் இருக்காது. பக்கத்து நிலையத்துக்காரருக்குத்தான் தெரியும். எண் ஒன்றாக இருக்கட்டும். எடுப்பவருக்கும் போகிறவருக்கும் நடுவே ஊரைத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: ஒரு கணக்கு

வாத்தியார் என்றால் கணக்குப் போடாமல் விடமாட்டார் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இருந்தாலும் போடுவோம்.

மத்திய உள்துறையின் தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படி கிராமப்புறத்தில் அழைப்பு வந்ததிலிருந்து 20 நிமிடத்துக்குள் வண்டி வந்து சேர வேண்டும். நம் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் 13 கிலோமீட்டர் சொச்சம் போகலாம். மலைப்பாதையில் வேகம் 20 என்றால் ஆறேழு கிலோமீட்டர்தான். ஆக, சமவெளியில் ஒரு நிலையம் காக்கும் சுற்றளவில் பாதிதான் மலையில் காக்க முடியும். சுற்றளவு பாதியானால் பரப்பு கால்பங்கு. அதாவது சமவெளியில் ஒரு நிலையம் போதும் என்றால், அதே பரப்புக்கு ஜவ்வாது மலையில் நான்கு வேண்டும்! சின்ன நிலையங்களை மூடிப் பெரியதாக ஒன்று கட்டினால் சிக்கனம் என்று யார் சொன்னாலும், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

வண்டியின் கணக்கு இன்னொன்று. சாதாரண வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சினால் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வண்டி ஏரியையோ கிணற்றையோ தேட வேண்டும்.

கூரை வீடும் வைக்கோல் போரும் பத்து நிமிடம் கூடத் தாங்காது. பங்குனி, சித்திரைக் காற்றில் ஒரு வீடு பற்றினால் வரிசையே போய்விடும். என் பணிக்காலத்தில் வீடு எரிந்த பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். புத்தகம் போய்விடும், சீருடை போய்விடும், ரேஷன் கார்டு போய்விடும், சாதிச் சான்றிதழ் போய்விடும். புத்தகம் நாங்கள் கொடுத்துவிடுவோம். சான்றிதழுக்கு அந்தக் குடும்பம் எத்தனை நாள் வேலையை விட்டு அலைந்தது என்பது எந்தத் தீ விபத்துக் கணக்கிலும் வராது.

நம் நாட்டில் இந்த விவாதம்

1992-ல் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பணிகளின் பட்டியலான பன்னிரண்டாவது அட்டவணையில் ஏழாவதாக இருப்பது தீயணைப்புப் பணி. சட்டத்தின் எண்ணம் ஊரிடம் கொடு என்பது. மகாராஷ்டிரம், குஜராத்தின் பெருநகரங்களில் மாநகராட்சிகளே நடத்துகின்றன. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் காவல் துறையின் பகுதியாக இருந்த தீயணைப்பு, பிறகு தனித் துறை ஆனது. 1985-ல் தனிச் சட்டமும் வந்தது. பிறகு "மீட்புப் பணிகள்" என்பதும் பெயரில் சேர்ந்தது. கிணற்றில் விழுந்த மாட்டையும், வீட்டில் புகுந்த பாம்பையும் யார் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

நான் தமிழ்நாட்டு முறையின் பக்கம்தான். காரணம் எளிது. வசதியுள்ள மாநகராட்சி நல்ல வண்டி வாங்கும். வரி வருமானம் இல்லாத நம் ஊராட்சி எதை வாங்கும்? மாநிலம் முழுவதும் ஒரே துறை என்பதால்தான் ஏழை ஊருக்கும் அதே வண்டி, அதே பயிற்சி பெற்ற வீரர்.

ஒரே சட்டம் ஏன் வேண்டும் என்பதற்குக் கும்பகோணமே சாட்சி. 2004 ஜூலை 16. சமையல் கூடத்தில் பற்றிய தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். கும்பகோணம் தீயணைப்பு நிலையம் இல்லாத ஊரா? இல்லை. வண்டி பக்கத்தில் இருந்தும், கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் அந்தப் பிள்ளைகளை விடவில்லை. அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்தோம். எங்கள் பள்ளியிலும் ஒரு கொட்டாய் இருந்தது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து பிரித்தோம், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மாதிரி விதியை ஒவ்வோர் ஊரின் விருப்பத்துக்கு விட முடியாது. எல்லா ஊருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். காட்டுத்தீ வனத்துறையின் பொறுப்பு, ஊர்த்தீ தீயணைப்புத் துறையின் பொறுப்பு. தீக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத்தீக்குப் பலியானார்கள். வண்டி ஏற முடியாத இடத்தில் மலையை அறிந்த மக்கள்தான் முதலில் போய் நிற்பார்கள், நிற்கவும் செய்தார்கள். எனவே இரண்டு துறையும், மலைவாழ் மக்களும் சேர்ந்து பயிற்சி எடுப்பதுதான் நமக்குத் தேவையான உண்மையான இணைப்பு.

சரி, நாம் என்ன செய்யலாம்?

வரலாறு சொல்வதை இப்படிச் சுருக்கலாம். சட்டம், பயிற்சி, கருவி, கப்ளிங் அளவு: இவை ஒன்றாக இருக்க வேண்டும். நிலையம், தண்ணீர், ஊர்ப் பெயர் அறிந்த ஆள்: இவை பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் வரிசையைச் சிதறவிட்டால் பால்டிமோர். இரண்டாம் வரிசையைத் தூரமாக்கினால் நம் கொட்டாய்.

மே 1 கிராம சபை வருகிறது. நம் பகுதி இளைஞர்கள் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள்.

1. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி ஒவ்வொன்றிலும் வண்டி நிரப்ப ஏதுவாக 63 மில்லிமீட்டர் கப்ளிங் வைத்த ஒரு குழாய் வேண்டும். பெரிய செலவு இல்லை. தண்ணீர் இருந்தும் மாட்ட முடியாத நிலை நமக்கு வர வேண்டாம்.

2. கோடையிலும் வற்றாத கிணறுகள், வண்டி போகக்கூடிய வழி, கொட்டாய்ப் பெயர்கள் எல்லாம் குறித்த ஒரு வரைபடம் பக்கத்து நிலையத்தில் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை விட்டால் ஒரு வாரத்தில் வரைந்துவிடுவார்கள்.

3. மலையடிவார ஊர்களில் மாசி மாதத்துக்குள் வனத்துறையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து ஒரு பயிற்சி நடத்த வேண்டும்.

உங்கள் ஊருக்கு வண்டி எங்கிருந்து வருகிறது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று கீழே எழுதுங்கள். கோரிக்கை மனுவோடு அந்தப் பட்டியலையும் இணைக்கலாம். தீயணைப்புத் துறையில் பணியாற்றும் என் மாணவர்களுக்கும், உங்கள் வீட்டாருக்கும் இந்த ஆசிரியரின் வணக்கமும் வாழ்த்தும்.


ஓய்வு பெற்ற ஆசிரியர், சந்தவாசல்