மலாயாவில் யாழ்ப்பாணத்து அடுப்பு

மலாயா நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டிலே, பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகரிலே திறக்கப்பட்டது. பாதை நீள நீள, ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞரும் நிலைய அதிபரும் அங்கே வேண்டப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கொழும்பிலே கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்னும் அயலூர்களிலிருந்தும் பலர் சென்றனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளையையும் பெற்ற ஓய்வூதியத்தையும் பற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர். அவர்கள் வீட்டு அடுப்பிலே என்ன வெந்தது என்பதைக் கேட்டோர் சிலரே.

மணமாகிக் கணவன் பின்னே சென்ற பெண்ணுக்குக் கடைத்தெருவே முதற் பள்ளிக்கூடம். கொக்குவிலிலே அரிசியைக் கொத்தாலும் புளியை இறாத்தலாலும் வாங்கியவள், அங்கே ‘கட்டி’ என்னும் நிறையைக் கற்க வேண்டியிருந்தது. ஒரு கட்டி என்பது ஒன்றேமூன்றிலொரு இறாத்தல். நூறு கட்டி கொண்டது ஒரு ‘பிக்குல்’. சீனர் கடையிலே விலை கேட்பதற்குச் சந்தை மலாய் வேண்டும். தமிழ் முஸ்லிம் வணிகரின் மளிகைக் கடையிலோ தமிழே போதும். கொத்தமல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், வெந்தயம் யாவும் கிடைக்கும். ஆயினும் யாழ்ப்பாணத்துத் தூள் கடையிலே கிடைக்கும் பண்டமன்று. வறுத்து, இடித்து, அரித்து வீட்டிலேதான் ஆக்கவேண்டும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலே புகையிரத ஊழியர் குடியிருப்புகள் இருந்தன. அங்கே மிளகாய் வறுக்கும் நெடியே அது எந்த ஊரவர் வீடு என்பதைச் சொல்லிவிடும்.

அரிசி பர்மாவிலிருந்து வந்தது. இரங்கூன் புழுங்கலரிசி வயிற்றை நிரப்பியது. மொட்டைக்கறுப்பன் சோற்றின் சுவையை அது தரவில்லை. அதனினும் பெரிய குறை பனைதான். ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பனாட்டும் எந்தக் கடையிலும் இல்லை. விடுமுறையில் ஊர் சென்று மீள்வோரின் பெட்டியே அவற்றுக்குக் கடையாயிற்று. ஒரு பொதி ஒடியல் மா வந்தால் அயல்வீடுகள் கூடிக் கூழ் காய்ச்சும். கொக்குவிலார் கடைக்குப் புதியவரல்லர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. தென்னிலங்கைப் பட்டினங்களிலே சுருட்டுக் கடை வைத்துப் பிறருக்கு விற்றவர்கள் அவ்வூர்ப் பகுதியினரே.

1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் இரங்கூனும் வீழ்ந்தது. பர்மா அரிசி இரு கரைக்கும் ஒருங்கே நின்றது. இலங்கையிலே அவ்வாண்டு அரிசிப் பங்கீடு வந்தது. மலாயாவிலோ பங்கீட்டரிசி நாளடைவில் அருகி, மரவள்ளியும் வற்றாளையும் சோற்றின் இடத்தைக் கொண்டன. மரவள்ளிக் கிழங்கை அவித்துச் சம்பலுடன் உண்ணுதல் யாழ்ப்பாணத்தார்க்குப் பழக்கமே. ஆனால் விருப்பத்துக்கு உண்பது வேறு. நாள்தோறும் அதுவே உணவென்பது வேறு. காசுக்கட்டளையும் கடிதமும் நின்றன. மகன் உயிரோடிருக்கிறானோ என்று கொக்குவிலிலே தாய் அறியாள். தாய்க்கு அரிசி உண்டோ என்று மகனும் அறியான். யப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுக்குக் கடைக்காரர் கொடுக்கும் பண்டம் மாதந்தோறும் சுருங்கியது. 1945 செப்டெம்பரில் ஆங்கிலேயர் மீண்டபோது அந்நோட்டு வெறுங் காகிதமாயிற்று. அதைப் பெட்டியிலே சேர்த்து வைத்த குடும்பங்கள் சேமிப்பை அன்றோடு இழந்தன.

போர் முடிந்தபின் பலர் ஊர் திரும்பினர். பலர் அங்கேயே வேரூன்றினர். 1983ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டும் ஒரு பெரும் பெயர்வு நிகழ்ந்தது. இம்முறை சென்ற திசைகள் பாரிசும் இலண்டனும் தொரன்றோவும். பாரிசின் லா சப்பல் தெருக்களிலே தமிழர் கடைகள் நிரை நிரையாக எழுந்தன. முருங்கைக்காயும், வறுத்துத் திரித்த யாழ்ப்பாணத்துத் தூளும் அங்கே தட்டுகளில் அடுக்கப்பட்டன. அவற்றின் அருகே, மலாயாவுக்குப் பெட்டியிலே மட்டும் பயணம் செய்த ஒடியல் மாவும் உறையிலிடப்பட்டு, விலை ஒட்டப்பட்டு இருந்தது.