சாம்பியன்களை ஜெயித்தவர்

சார்லி பர்லி. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வாய்ப்பில்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கறுப்பின பாக்ஸர். அதே ஊர்க்காரரான ஃபிரிட்ஸி ஸிவிக்குடன் 1938, 39-ல் மூன்று முறை மோதி, இரண்டு முறை ஜெயித்தார். 1940-ல் வெல்டர்வெயிட் உலக சாம்பியன் ஆனது யார் தெரியுமா? தோற்றுப்போன ஸிவிக்! 1944-ல் ஆர்ச்சி மூரையும் புரட்டியெடுத்தார் பர்லி. மூர் 1952-ல் லைட் ஹெவிவெயிட் உலக சாம்பியன்.

பர்லிக்கு? கடைசிவரை ஒரே ஒரு பட்டப் போட்டிகூடக் கிடைக்கவில்லை.

எல்லாம் வியாபாரக் கணக்குதான் சார். இவரோடு மோதினால் வசூல் குறைவு, தோற்கும் ஆபத்து அதிகம். எந்த மேனேஜர் சம்மதிப்பார்? போதாக்குறைக்கு, நிறம் வேறு.

பாக்ஸிங் சோறு போடவில்லை. பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார் பர்லி. தான் மோதியவர்களிலேயே அவர்தான் சிறந்தவர் என்று மூர் பின்னாளில் மனசாரச் சொன்னார். 1992-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் வந்தது. அதே வருடம், 75 வயதில் பர்லி போய்ச் சேர்ந்தார்.